தண்டவாளம் கிடந்த தடத்தில்: பிரான்ஸ் கிராமங்களில் முதல் சைக்கிள் பயணம் போவது எப்படி?

பிரான்ஸில் சைக்கிள் பயணம் போகலாம் என்று வாய் திறந்தால் போதும், லுவார் நதிக்கரைக்குப் போ என்பார்கள். அழகான தடம், மறுக்கவில்லை. ஆனால் அந்த 900 கிலோமீட்டரில் பல பகுதிகள் கார்களும் ஓடும் சிறு சாலைகளில்தான் போகின்றன. கார் பின்னால் வரும் சத்தத்தில் தோள்பட்டை இறுகிப்போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. முதல் பயணத்துக்குப் பழைய ரயில் பாதை ஒன்றைப் பிடியுங்கள்.

நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் ரயில் பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, குன்றைக் குடைந்து, மெல்லிய சரிவாகவே தடம் அமைத்தார்கள். பிறகு ரயில் நின்றது, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள், மேலே தார் போட்டார்கள். எஞ்சினுக்காகச் செய்துவைத்த சமதளம் இன்று நம் முழங்கால்களுக்கு உதவுகிறது. பிரான்ஸில் அப்படி முதலில் திறக்கப்பட்ட தடம் தெற்கு பர்கண்டியில், ஜிவ்ரிக்கும் க்ளுனிக்கும் இடையே 44 கிலோமீட்டர். ஆண்டு 1997. இந்தக் கட்டுரை அந்தத் தடத்தைப் பற்றியது.

படி 1: இரண்டு சொற்களைப் பிரித்துப் பாருங்கள்

'வுவா வெர்த்' என்றால் பசுமை வழி. மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நடப்பவர், சைக்கிள்காரர், குதிரையில் வருபவர் ஆகியோருக்கு மட்டும். நீலச் சதுரப் பலகையில் இவர்களின் உருவங்களை வரைந்திருப்பார்கள். அதே பலகையில் சிவப்புக் கோடு குறுக்கே போனால் பசுமை வழி அங்கே முடிகிறது.

'வேலோரூத்' என்பது சைக்கிளுக்காக வழி குறிக்கப்பட்ட நெடுந்தடம். அதில் பசுமை வழியும் இருக்கும், கார் ஓடும் ஊர்ச் சாலையும் இருக்கும். வரைபடத்தில் இரண்டும் ஒரே நிறக் கோடாகத் தெரிவதால்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். வெள்ளைப் பலகையில் பச்சை எழுத்தும் சிறு சைக்கிள் படமும் இருந்தால் அது திசை காட்டும் பலகை மட்டுமே. கார் வராது என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

படி 2: மூன்று நாளாகப் பிரியுங்கள்

ஷலோன்-சுர்-சோன் நகரில் தொடங்கி மாக்கோனில் முடித்தால் மொத்தம் சுமார் 75 கிலோமீட்டர். பழகியவர் ஒரே நாளில் ஓட்டிவிடுவார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

முதல் நாள் ஷலோனில் ரயிலை விட்டு இறங்கி, பச்சை எழுத்துப் பலகைகளைப் பின்தொடர்ந்து ஜிவ்ரிக்கு; அங்கிருந்து திராட்சைத் தோட்டச் சரிவுகளை வலப்பக்கம் வைத்துக்கொண்டு பியூஸி வரை. சுமார் 20 கிலோமீட்டர், அவ்வளவுதான். (பெயரை எழுதும்போது நடுவில் எக்ஸ் போடுவார்கள், உச்சரிப்பில் அது கிடையாது. வழி கேட்கும்போது உதவும்.)

இரண்டாம் நாள்தான் பயணத்தின் உயிர். பியூஸியிலிருந்து க்ளுனிக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர். திராட்சைக் கொடிகள் பின்தங்கி, வெள்ளை ஷரோலே மாடுகள் மேயும் புல்வெளிகள் தொடங்கும். மரநிழலில் போகும்போது டயர் தாரில் உருளும் சத்தம் மட்டும் கேட்கும். பழைய ரயில் நிலையங்கள் வழியெங்கும் நிற்கின்றன. ஒன்றில் காப்பிக் கடை, இன்னொன்றில் வாடகை சைக்கிள், வேறொன்றில் யாரோ குடியிருக்கிறார்கள், நடைமேடை இருந்த இடத்தில் துணி காய்கிறது. சேன்-ஜான்கூவின் பழைய தெருக்களில் அரை மணி நேரம் நடங்கள். கோர்மத்தானில் அகழி சூழ்ந்த 17ஆம் நூற்றாண்டு மாளிகை இருக்கிறது; தோட்டத்துக்காகவே நுழைவுச்சீட்டு வாங்கலாம். சற்றுத் தள்ளிக் குன்றின் மேல் தெஸே. உலகெங்குமிருந்து இளைஞர்கள் வந்து தங்கிப் பாடிப் பிரார்த்திக்கும் கிறிஸ்தவத் துறவியர் குடியிருப்பு அது. தடத்திலிருந்து கொஞ்சம் ஏறவேண்டும். கால் ஒத்துழைத்தால் போய் வாருங்கள்.

மூன்றாம் நாள் காலையைக் க்ளுனிக்குக் கொடுங்கள். 910இல் நிறுவப்பட்ட மடம். 1088இல் கட்டத் தொடங்கிய அதன் பெரிய தேவாலயம் 187 மீட்டர் நீளம். ரோமில் இன்றுள்ள புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரியது இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் விற்றுவிட்டார்கள்; வாங்கியவர்கள் இடித்துக் கல்லாக விற்றார்கள். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். அந்த ஒற்றைக் கோபுரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மீதி எவ்வளவு இருந்திருக்கும் என்று கழுத்துக்குத் தெரியும். மதியம் கிளம்பினால் மாலைக்குள் மாக்கோன்.

படி 3: ரயிலில் சைக்கிளை ஏற்றுங்கள்

டி.இ.ஆர். எனப்படும் பிராந்திய ரயில்களில் சைக்கிளைக் கழற்றாமல் ஏற்றலாம். இடம் குறைவு, சில தடங்களில் முன்பதிவும் வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். பைகளைக் கழற்றிய பிறகு ஏற்றுங்கள். சுமையோடு தூக்கினால் படிக்கட்டில் கையும் முதுகும் சண்டை போடும். இன்னொன்று: மாக்கோனுக்கு இரண்டு நிலையங்கள். ஊருக்குள் இருப்பது மாக்கோன்-வீல். அதிவேக ரயில் நிற்கும் மாக்கோன்-லோஷே ஊருக்கு வெளியே. திரும்பும் டிக்கெட்டில் எது என்று இரண்டு முறை படியுங்கள்.

படி 4: வண்டியும் பஞ்சரும்

பந்தய சைக்கிள் வேண்டாம், விலை உயர்ந்ததும் வேண்டாம். 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர், பின்னால் உறுதியான கேரியர், அதன் இருபுறமும் தொங்கும் இரண்டு பைகள் போதும். முதுகுப்பையோடு கிளம்பியவர்கள் முதல் நாள் மாலையே அதைக் கேரியரில் கட்டிவிடுவார்கள்.

சீட் உயரத்தைச் சரிபார்க்க எளிய வழி: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் நேராக நின்றால் சரி. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது தேவையான சிறு மடிப்பு தானே வந்துவிடும். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய நம் தலைமுறைக்குச் சீட்டைத் தாழ்வாக வைக்கும் பழக்கம் போகாது. முழங்கால் வலியின் முதல் காரணம் அதுதான்.

பஞ்சரை வீட்டிலேயே ஒரு முறை பார்த்துப் பழகுங்கள். பின் சக்கரமா? கழற்றுமுன் சங்கிலியை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். டயரின் ஒரு விளிம்பை மட்டும் நெம்பி ட்யூபை உருவுங்கள். டயரின் உட்புறம் விரலை மெதுவாக ஓட்டுங்கள். முள் இன்னும் அங்கேயே குத்திக்கொண்டிருக்கும், அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் அதுவும் போச்சு. புது ட்யூபுக்கு இரண்டு அடி காற்று அடித்து, உருண்டு நிற்கும் நிலையில் உள்ளே வையுங்கள், மடங்காது. வால்வு ஒல்லியாக இருந்தால் அதன் நுனியில் ஒரு குட்டித் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, 'உஸ்' என்று ஒரு முறை அழுத்திவிட்டுப் பிறகு பம்பைப் பொருத்துங்கள். இது தெரியாமல் முதல் தடவை கால் மணி நேரம் பம்பைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

படி 5: சோறும் தண்ணீரும்

இங்கேதான் பலரும் தோற்கிறார்கள். பிரெஞ்சுக் கிராமம் மதியம் 12 மணிக்குக் கதவைச் சாத்தும்; 2 மணிக்கு முன் திறக்காது. ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல கடைகள் மூடியே கிடக்கும். என் முதல் பயணத்தில் திங்கள் மதியம் ஒரு ஊரில் நுழைந்தேன். ரொட்டிக்கடை பூட்டு, மளிகைக்கடை பூட்டு, சதுக்கத்தில் ஒரு பூனை. பாரிஸின் லா ஷப்பல் கடைத்தெருவில் வாங்கிப் போயிருந்த இட்லிப் பொடியும் ஒரு வாழைப்பழமும்தான் அன்றைய விருந்து. ஆகவே காலையில் கிளம்பும் ஊரிலேயே ஒரு பகெத், சீஸ், தக்காளி வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். கேட்டால் தயக்கமாக இருக்கும். ஆனால் பூச்செடிகளுக்கு ஊற்றவென்று அநேகமாக ஒவ்வொரு கிராமக் கல்லறையிலும் குழாய் இருக்கும். இந்நாட்டுச் சைக்கிள்காரர்கள் வழக்கமாகப் பிடிப்பது அங்கேதான். 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது.

தங்குவதற்கு 'அக்யோய் வேலோ' முத்திரை உள்ள இடங்களைப் பாருங்கள். தடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருப்பவை. சைக்கிளைப் பூட்டிவைக்க இடமும் பழுதுபார்க்கக் கருவிகளும் கொடுப்பார்கள்.

படி 6: குறுக்குச் சாலையும் சுரங்கமும்

பசுமை வழியில் ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது சாலையைக் கடக்கும் இடம்தான். பழைய ரயில்வே கேட்டுகள் இருந்த இடங்கள் இவை. அன்று ரயிலுக்குச் சாலை காத்திருந்தது; இன்று நாம்தான் சாலைக்குக் காத்திருக்கவேண்டும். மரத்தடுப்பு தெரிந்தவுடன் வேகத்தைக் குறையுங்கள். செப்டம்பரில் திராட்சை அறுவடை டிராக்டர்களும் குறுக்கே வரும்.

12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். காதில் இயர்போன் மாட்டி ஓட்டுவதற்கு அபராதம் உண்டு. மணியும் முன் பின் விளக்குகளும் அவசியம்.

க்ளுனிக்குத் தெற்கே புவா க்ளேர் சுரங்கம், 1.6 கிலோமீட்டர். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே 12 டிகிரிதான். மேல்சட்டையைப் பையின் மேல்பகுதியில் வையுங்கள். விளக்கு எரியும், இருந்தாலும் உங்கள் விளக்கையும் போடுங்கள். குளிர்காலத்தில் வௌவால்கள் அங்கே உறங்கும் என்பதால் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். அப்போது கணவாய் மேலே ஏறிப் போகும் மாற்றுவழிதான்; ரயில்காரர்கள் ஏன் குடைந்தார்கள் என்பதை அந்த ஏற்றம் சொல்லிவிடும். மே, ஜூன் அல்லது செப்டம்பரில் போனால் இந்தச் சிக்கல் இல்லை.

மாக்கோன் வந்தபின்னும் ஒரு நாள் கையில் இருந்தால் ரயிலை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள். சோன் நதியோரமாக வடக்கே துர்னு வழியாக மீண்டும் ஷலோனுக்கே திரும்பலாம். வழி முழுக்கச் சமதளம்தான். ஆனால் அது வேலோரூத். பலகையைப் பார்த்து ஓட்டுங்கள்.