வீட்டுக் கொம்பியூட்டருக்கு எந்த போர்டு? திரையிலிருந்து தொடங்குங்கள்

"அண்ணா, எந்த போர்டு வாங்கினா கீபோர்டும் மொனிட்டரும் கொழுவி ஒரு கொம்பியூட்டர் மாதிரிப் பாவிக்கலாம்?" மட்டக்களப்புக் கல்லடியில் என்னிடம் எலெக்ட்ரோனிக்ஸ் பழக வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இதுதான். பலர் மெகாஹேர்ட்ஸைப் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். வேகத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு தாளும் பேனையும் எடுங்கள்.

படி 1: திரைக் கணக்கு

இந்தப் போர்டுகளில் இருப்பது மைக்ரோகொன்ட்ரோலர், அதாவது புரொசசரும் ராமும் ஒன்றாக உள்ள சின்ன சிப். அதில் தனியான கிராபிக்ஸ் கார்ட் இல்லை. திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் புரோகிராம் ஓடும் அதே சின்ன ராமில்தான் இடம் கொடுக்க வேண்டும். 640க்கு 480 என்றால் 307,200 புள்ளிகள். கறுப்பு வெள்ளைக்குப் புள்ளிக்கு ஒரு பிட் போதும். 8ஆல் பிரித்தால் 38,400 பைட். அதே திரையில் 256 நிறம் வேண்டுமென்றால் புள்ளிக்கு ஒரு பைட், அதாவது முழுதாக 307,200 பைட். திரையை 320க்கு 240 ஆக்கி 16 நிறத்துடன் நின்றால் திரும்பவும் அதே 38,400 பைட்தான் வரும். இந்த ஒரு கணக்கு விளங்கினால் பாதி வேலை முடிந்தது.

இப்போது போர்டுகளைப் பாருங்கள். ஆர்டுயினோ ஊனோ ஆர்3இல் ராம் 2 கிலோபைட். 40 எழுத்து அகலத்தில் 25 வரி எழுதினாலே அதில் ஏறக்குறையப் பாதி போய்விடும். சென்சர் பழக அது அருமையான போர்டு, இந்த வேலைக்கு வேண்டாம். ராஸ்பெரி பை பிக்கோவில் 264 கிலோபைட். 256 நிறப் பெரிய திரை அதில் அடங்காது, மற்ற இரண்டும் தாராளமாக அடங்கும். 1982இல் வந்த கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினியில் இருந்ததே 64 கிலோபைட்தான், அதில் எத்தனை விளையாட்டுகள் எழுதினார்கள்! 2024இல் வந்த பிக்கோ 2இல் 520 கிலோபைட். இ.எஸ்.பி. 32 என்ற போர்டிலும் 520 இருக்கிறது, வைஃபையும் உண்டு. ஃபேப்.ஜி.எல். என்ற ஆயத்த நிரல் தொகுப்பைக் கொண்டு அதில் 64 நிறம் வரை காட்டலாம். ஆனால் அதற்கு நீங்கள் சி++ மொழியில் புரோகிராம் எழுத வேண்டும்.

தொடங்குபவருக்கு நான் சொல்வது பிக்கோ அல்லது பிக்கோ 2. காரணம் பேசிக் என்ற எளிய புரோகிராம் மொழி. அவுஸ்திரேலியாவின் ஜெஃப் கிரகாம் 2011இல் மேக்சிமைட் என்ற சிறு கணினிக்காக எழுதிய எம்.எம்.பேசிக் என்ற பேசிக் வகை, இன்று பிக்கோமைட் என்ற பெயரில் பிக்கோவில் இலவசமாக ஓடுகிறது. கரண்ட் கொடுத்த உடனே கட்டளை கேட்டு நிற்கும். அந்த உணர்வுக்காகத்தானே இதைச் செய்கிறோம்.

படி 2: வாங்குவது

சோல்டர் பழகாதவர், வயர் கொழுவும் உலோகப் பின்கள் பற்றவைத்தே வரும் பிக்கோ எச் என்று கேட்டு வாங்குங்கள். மொனிட்டருக்குப் புதிதாகச் செலவழிக்க வேண்டாம். கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ கணினி திருத்தும் கடைகளில் வி.ஜி.ஏ. என்ற பழைய வகை இணைப்புள்ள மொனிட்டர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கூடவே பி.எஸ்.2 என்ற பழைய வட்டப் பிளக் உள்ள கீபோர்டு ஒன்றும் கேளுங்கள்.

படி 3: போர்டுக்குள் பேசிக்

பிக்கோமைட்டின் வி.ஜி.ஏ. பதிப்பைத் தரவிறக்குங்கள்; பிக்கோவுக்கும் பிக்கோ 2க்கும் கோப்பு வேறு வேறு. போர்டில் உள்ள பூட்செல் பொத்தானை அமத்திக்கொண்டு யு.எஸ்.பி. வயரைக் கொழுவினால், மடிக்கணினியில் பென்டிரைவ் போல ஒன்று தோன்றும். கோப்பை அதற்குள் இழுத்துப் போடுங்கள், அவ்வளவுதான். மடிக்கணினியிலிருந்து போர்டுக்குக் கட்டளை அனுப்பும் ஒரு டெர்மினல் மென்பொருளைத் திறந்து, ஆங்கிலத்தில் மெமரி என்று தட்டினால் எவ்வளவு இடம் மிச்சம் என்று அதுவே சொல்லும்.

படி 4: வயர் கொழுவுவது

இங்கே அவசரம் கூடாது. வி.ஜி.ஏ. நிறக் கம்பிகள் 0.7 வோல்ட்டுக்கு உரியவை, பிக்கோவின் உலோகப் பின்களிலிருந்து வருவது 3.3 வோல்ட். அதனால் இடையில் ரெசிஸ்டர் (மின்தடை) வேண்டும். பிக்கோமைட் கையேட்டில் உள்ள வரைபடத்தை அப்படியே பின்பற்றுங்கள். பி.எஸ்.2 கீபோர்டு 5 வோல்ட்டில் வேலை செய்வது. என் முதல் பிக்கோவில் அதை நேரடியாகக் கொழுவினேன், அந்தப் பின் செத்துப்போனது. 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் ஒத்துப்போக வைக்கும் லெவல் ஷிஃப்டர் என்ற சின்ன மொடியூலை நடுவில் வைத்த பிறகே கீபோர்டைத் தொடுங்கள்.

அப்புறம், மாரி மழையில் கரண்ட் போகும் என்று பயப்பட வேண்டாம். பேசிக்கின் எடிட் கட்டளையில் எழுதிச் சேமித்த புரோகிராம், போர்டின் ஃபிளாஷ் நினைவகத்தில் அப்படியே இருக்கும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் போர்டை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். உப்புக்காற்று பின்களில் பச்சை பிடிக்க வைத்துவிடும்.