ஊர்ச் செடிகளுக்குப் பெயர்ப்பட்டியல் போடுவது எப்படி?

ஊரில் முளைக்கும் செடிகளை உள்ளூர்ப் பெயரோடும் தாவரவியல் பெயரோடும் பட்டியல் போட நினைப்பவர்களுக்கான குறிப்பு இது. பெயரை எழுதிவந்து, இணையத்தில் தேடி, முதலில் வரும் தாவரவியல் பெயரைப் பக்கத்தில் ஒட்டுவதுதான் வழக்கம். அது வேண்டாம். செடியில் தொடங்குங்கள், பெயர் அப்புறம்.

படி 1: இடமும் காலமும்

ஒரு குளக்கரை, ஒரு தரிசு, அதுபோதும். வடகிழக்குப் பருவமழை பிடித்துச் சில வாரம் கழித்துப் போனால் சிறுபூண்டுகள் பூவும் காயுமாக இருக்கும். பூவோ காயோ இல்லாத செடியோடு மல்லுக்கட்டாதீர்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றி எதையும் பறிக்கக் கூடாது.

படி 2: செடிக்கு எண்

ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண். படம், குறிப்பு, பாடம் செய்த (அழுத்தி உலர்த்திய) மாதிரி, கேட்ட பெயர் எல்லாவற்றிலும் அதே எண். முழுச்செடி, இலையின் இருபுறம், பூ, காய் எனத் தனித்தனிப் படம் எடுங்கள். குறிப்புக்குப் பென்சில்தான், மைப்பேனா எழுத்து ஈரம் பட்டால் போச்சு. விலைகூடிய கேமராவைவிடப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் எனக்கு அதிகம் உதவுகிறது.

படி 3: பெயர் கேட்பது

"இது கீழாநெல்லிதானே?" என்று கேட்டால், "ஆமா" என்றுதான் பதில் வரும். செடியைக் கையில் கொடுத்து, "இதை இங்க என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். ஆடு மேய்ப்பவர், களையெடுப்பவர், வைத்தியர் மூவரும் மூன்று பெயர் சொன்னால் மூன்றையும் எழுதுங்கள். சீமைக்கருவேலத்தை வேலிக்காத்தான் என்பவரைத் திருத்த வேண்டாம். பட்டியலுக்குத் தேவையே அந்தப் பெயர்தான்.

படி 4: ஒரே பெயர், பல செடி

நான் வெகுநாள் தடுமாறி நின்ற இடம் இது. கீழாநெல்லி என்று கொண்டுவரும் கட்டுக்குள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வகைச் செடி இருக்கும். எல்லாமே பார்வைக்கு ஒன்றுதான். முதலில் காயைப் பாருங்கள், இலை அப்புறம்.

காய் வழுவழுப்பாக, சிறு காம்பில் தொங்கினால் பில்லாந்தஸ் அமாரஸ். காம்பே தெரியாமல், தோல் சொரசொரப்பாக, தண்டும் சிவந்திருந்தால் பில்லாந்தஸ் யூரினேரியா. இலை நுனி அகன்று அடி குறுகி ஆப்பு வடிவில் இருந்தால் மேலாநெல்லி, அதாவது பில்லாந்தஸ் மடராஸ்படென்சிஸ். (மதராசப்பட்டினம்தான் அந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது.)

மூக்கிரட்டைக்கும் சாரணைக்கும் இதே குழப்பம் உண்டு. மூக்கிரட்டையின் பூ மெல்லிய நீண்ட காம்பில் நிற்கும், காய் துணியில் ஒட்டும். சாரணையின் பூ இலைக்கக்கத்தில் (இலை தண்டோடு சேரும் இடுக்கில்) புதைந்திருக்கும்.

படி 5: பெயரை உறுதி செய்வது

செல்பேசிச் செயலிகள் குடும்பத்தை ஊகிக்கச் சரி. சிற்றினத்துக்கு அவற்றை நான் நம்புவதில்லை. கேம்பிள் என்ற தாவரவியலாளரின் சென்னை மாகாணத் தாவர நூல் (1915–1936) இன்றும் பயன்படுகிறது, ஆனால் தொடங்குபவருக்குக் கரடுமுரடு. திருச்சி ரபினட் ஹெர்பேரியத்தின் (பாடம் செய்த செடிகளைச் சேர்த்துவைக்கும் இடம்) கே. எம். மாத்யூ வெளியிட்ட தமிழ்நாடு கர்நாடிக் (இங்கே நிலப்பகுதியின் பெயர்) தாவரத் தொகுதியில் கோட்டோவியங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. என் வாக்கு அதற்குத்தான். அதிலும் தீராவிட்டால் மாதிரியோடு ஹெர்பேரியத்துக்கே போகலாம். மெட்ராஸ் ஹெர்பேரியம் என்று பெயர் இருந்தாலும் அது இருப்பது கோவையில்.

மாதிரி பாடம் செய்ய நாளிதழ்த் தாளும் மேலே கனமும் போதும். தாளைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். ஒட்டும் அட்டையின் அளவு 42 × 28 செ.மீ.

பின்சேர்க்கை: "ஆவாரை புத்தகத்தில் காசியா, இணையத்தில் சென்னா, எது சரி?" என்று ஒருவர் கேட்டிருந்தார். செடி ஒன்றுதான், பேரினம் (தாவரவியல் பெயரின் முதல் சொல்) மாறிவிட்டது. கருவேலமும் அக்கேசியாவிலிருந்து வாச்செல்லியாவுக்குப் போய்விட்டது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இணையத் தரவுத்தளத்தில் பழைய பெயரைத் தட்டினால் இப்போதைய பெயர் வரும். பட்டியலில் இரண்டையும் வையுங்கள்.

இன்னொன்று: மஞ்சள் கரிசலாங்கண்ணி, வெள்ளைக் கரிசலாங்கண்ணியின் வேறு நிறமல்ல. வெள்ளையின் பேரினம் எக்லிப்டா. மஞ்சளின் பேரினம் ஸ்பாக்னெட்டிகோலா, பழைய நூல்களில் வெடேலியா. இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுங்கள்.