ஜாக் ஷெப்பர்டின் கதையைச் சொல்லும் முறை

லண்டன் திருடன் ஜாக் ஷெப்பர்டின் கதையைச் சொல்ல முற்படுபவர், அவன் பிறந்த 1702இலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அவன் ஐந்து முறை பிடிபட்டதும் நான்கு முறை தப்பியதும் 1724ஆம் ஆண்டில் நடந்தவை என்பதால் அங்கேயே தொடங்கலாம். தச்சுத் தொழில் பழகியவன் என்பதை மட்டும் முதலிலேயே கேட்போர் மனத்தில் பதித்துவிடுங்கள்; பூட்டும் கதவும் அவனிடம் ஏன் தோற்றன என்பது பிறகு தானே விளங்கும்.

நேரத்தில் பாதியை அக்டோபர் 15ஆம் நாளுக்கு ஒதுக்குங்கள். நியூகேட் சிறையில் தரையோடு பிணைக்கப்பட்டிருந்தவன், கைவிலங்கைக் கழற்றி, புகைபோக்கியின் குறுக்கே இருந்த இரும்புக் கம்பியைப் பெயர்த்து, அதையே கருவியாக்கிக் கதவு கதவாக உடைத்துக் கூரையை அடைந்தான். இறங்கக் கயிறில்லாததால், வந்த வழியே இருட்டில் அறைக்குத் திரும்பிப் போர்வையை எடுத்துவந்தான். கதையின் உயிர் இந்தத் திரும்பலில்தான் இருக்கிறது. இங்கே அவசரப்பட வேண்டாம்.

ஜொனாதன் வைல்டை விட்டுவிடாதீர்கள். திருடர்களைப் பிடித்துத் தருபவன் என்று புகழ்பெற்றுக்கொண்டே திருட்டுக் கும்பலை நடத்திய அவனை அறியாமல், மக்கள் ஏன் ஷெப்பர்டின் பக்கம் சாய்ந்தார்கள் என்பது புரியாது. ஆனால் ஷெப்பர்டை ஏழைகளுக்கு வாரி வழங்கிய வள்ளலாக்கிவிடக் கூடாது. தனக்கு எழுத்தறிவித்த துணி வணிகரின் வீட்டிலேயே கைவைத்தவன் அவன்.

இறுதிப் பகுதிக்குச் சில வாக்கியங்களே போதும். பட்டுடை அணிந்து குடிபோதையில் திரிந்தபோது மீண்டும் பிடிபட்டான். நவம்பர் 16 அன்று, பெருங்கூட்டம் பார்த்திருக்க, டைபர்னில் தூக்கிலிடப்பட்டபோது அவனுக்கு வயது 22.