கேட் மாஸ் கதையில் யாரும் படிக்காத பக்கங்கள்

1988ஆம் ஆண்டு. நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம். பஹாமாஸில் விடுமுறை முடிந்து அப்பா, தம்பியோடு லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 14 வயதுப் பெண் ஒருத்தி, சாரா டூகாஸ் கண்ணில் பட்டாள். டூகாஸ் ஸ்டார்ம் என்ற மாடல் ஏஜென்சியைத் தொடங்கி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தப் பெண் லண்டனின் தெற்கே குரோய்டனைச் சேர்ந்தவள். பெயர் கேட் மாஸ், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மாடல்.

கேட் மாஸ் என்றாலே எல்லோரும் இந்தக் காட்சியைத்தான் சொல்வார்கள். சினிமா மாதிரி இருக்கிறது, அதனால். மாடலாக நினைக்கிற பிள்ளைகளும், பிள்ளையைவிட ஆர்வமாக இருக்கிற பெற்றோர்களும் இதிலிருந்து ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்: சரியான ஆள் கண்ணில் பட்டுவிட்டால் போதும். என்னைக் கேட்டால் விமான நிலையத்தில் நடந்தது வெறும் அதிர்ஷ்டம், அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. அடுத்த நாலைந்து வருடத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். அந்த வருடங்களில் நடந்த தவறுகளை எண்ணினால் பெரும்பாலானவை சுற்றி இருந்த பெரியவர்கள் செய்தவை.

முதல் தவறு, தனியாக அனுப்புவது. ஆரம்பத்தில் ஒரு நாள் காஸ்டிங்குகளுக்கு, அதாவது மாடல்களைப் பார்த்துத் தேர்வு செய்கிற இடங்களுக்கு, அம்மா கூடப் போனார். லண்டனைச் சுற்றி ஒன்று மாற்றி ஒன்றாக அலைந்து சலித்துப்போய், இது வேண்டுமென்றால் இனி நீயே போய்க்கொள் என்று சொல்லிவிட்டாராம். இது கேட் மாஸே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொன்னதுதான். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீடு, வேலை என்று இருக்கிற யாருக்கும் சலிக்கும். ஆனால் அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 15 வயதில் ஒரு கேட்லாக் வேலைக்காகப் போன இடத்தில், அங்கிருந்த ஆள் வரம்பு மீறிப் பேசினார். ஏதோ சரியில்லை என்று கேட்டுக்குப் பொறி தட்டியது. தன் சாமான்களை வாரிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். 2022இல் பிபிசி வானொலியில் இதைச் சொன்னபோது, தப்பான ஆளை வெகு தூரத்திலேயே மோப்பம் பிடிக்க அந்த நாள்தான் கற்றுக்கொடுத்தது என்றார். ஓடத் தெரிந்தது அவர் சமர்த்து. எல்லாப் பிள்ளைக்கும் அந்தப் பொறி நேரத்துக்குத் தட்டும் என்று சொல்ல முடியாது.

இன்றைக்குச் சட்டமே கூட ஆள் வேண்டும் என்கிறது. பிரிட்டனில் பள்ளி வயதுப் பிள்ளை சம்பளத்துக்கு மாடலிங் செய்ய உள்ளாட்சி அமைப்பின் உரிமம் வேண்டும். பெற்றோரோ, அனுமதி பெற்ற துணையாளோ உடன் இருக்க வேண்டும். நியூயார்க்கில் 2013இல் வந்த சட்டம் 18 வயதுக்குட்பட்ட மாடல்களைக் குழந்தை நடிகர்களைப் போலவே நடத்தச் சொல்கிறது. வேலை அனுமதிச் சீட்டு வேண்டும், 16 வயதுக்குக் கீழே என்றால் துணையாள் கட்டாயம். "அம்மா கூட வந்தால் பிள்ளை இயல்பாக இருக்க மாட்டாள்" என்று ஒரு போட்டோகிராபர் சொன்னால், கதவைப் பார்த்து நடக்க வேண்டிய நேரம் அது.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரிது. "மாட்டேன்" என்று சொல்லும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் கட்டுவது. 1990 ஜூலை மாத 'தி ஃபேஸ்' இதழின் அட்டையில் கேட் இருக்கிறார். தலையில் இறகுக் கிரீடம், மூக்கைச் சுருக்கி ஒரு சிரிப்பு. காம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் கோரின் டே எடுத்த படங்கள். அதற்கு முந்தைய பத்து வருடத்துப் பளபளப்பையெல்லாம் ஓரங்கட்டிய படங்கள் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். அந்தக் காலத்தைப் பற்றி 2012இல் வேனிட்டி ஃபேர் பத்திரிகைக்கு அவர் சொன்னது வேறு. சங்கடமான ஒன்றைச் செய்யச் சொல்வார்கள்; செய்யாவிட்டால் மறுபடி கூப்பிட மாட்டோம் என்பார்கள்; கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதுவிட்டு, வெளியே வந்து செய்துவிடுவேன் என்றார். அந்த அட்டைப்படத்துச் சிரிப்பை அதற்கப்புறம் என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. 1992இல் கால்வின் க்ளைன் விளம்பரத்துக்கு மார்க் வால்பெர்க்கோடு வேலை செய்த சமயத்தில் மனம் நொறுங்கி, இரண்டு வாரம் படுக்கையைவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். உலகம் முழுக்க அவர் முகம் தெரியத் தொடங்கியது அதே விளம்பரத்தால்தான்.

பதினாறு வயதில், பத்துப் பதினைந்து பெரியவர்கள் கேமரா, விளக்கு சகிதம் காத்து நிற்கும்போது யாராலும் மறுக்க முடியாது. அதனால் மறுப்பு முன்னாலேயே நடக்க வேண்டும், எழுத்தில் நடக்க வேண்டும். என்ன உடை, எந்த இடம், யார் யார் இருப்பார்கள், படம் எங்கே வரும் என்று ஏஜென்சியில் வேலையை ஒப்புக்கொள்கிற புக்கரிடம் கேட்டு வாங்கிவிட வேண்டும். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பதை ஏற்கவே கூடாது.

கையெழுத்து விஷயம் இதோடு ஒட்டியது. புரூக் ஷீல்ட்ஸ் குழந்தையிலிருந்தே மாடல். 1975இல், 10 வயதில், ஒரு போட்டோகிராபர் எடுத்த படங்களுக்கு அவர் அம்மா கட்டுப்பாடில்லாத ஒப்புதல் எழுதிக் கொடுத்தார். கிடைத்தது 450 டாலர். பெரியவளாகி வந்தபோது அந்தப் படங்கள் இனி வெளிவரவே கூடாது என்று ஷீல்ட்ஸ் வழக்குப் போட்டார். 1983இல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம், அம்மா போட்ட கையெழுத்து மகளைக் கட்டுப்படுத்தும் என்றது. நாலு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். ஒரு ஓட்டில் போனது. இத்தனை வருடத்துக்கு, இந்த நாட்டில், இந்த உபயோகத்துக்கு மட்டும் என்று எல்லை போடாத தாளில் பெற்றோர் கையெழுத்துப் போட்டால், அதைச் சுமக்கப் போவது பிள்ளை.

பணம். சேருவதற்கு முன்பணம் கேட்கிற ஏஜென்சி, ஏஜென்சியே இல்லை. பிரிட்டனில் மாடல்களிடம் முன்கட்டணம் வாங்குவது 2010 முதல் தடை. ஆனால் நல்ல ஏஜென்சியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது: விமான டிக்கெட், டெஸ்ட் ஷூட் என்கிற மாதிரிப் படப்பிடிப்பு, பல பெண்களை ஒன்றாகத் தங்கவைக்கும் மாடல் அபார்ட்மென்ட்டின் வாடகை எல்லாவற்றையும் அவர்கள் முதலில் கட்டிவிட்டு, மாடலின் கணக்கில் கடனாக எழுதிக்கொள்வார்கள். உதாரணத்துக்கு 1,000 பவுண்டு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதக் கமிஷன் போனால் 800. அதில் பழைய கடன் 650 என்றால் கைக்கு வருவது 150, அதுவும் மாதங்கள் கழித்து. 'சம்பாதிக்கிறாள்' என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். கணக்குத் தாளில் பிள்ளை கடன்காரி. மாதாமாதம் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். நியூயார்க் சட்டப்படி மைனர் மாடலின் வருமானத்தில் குறைந்தது 15 சதவீதம் அவர் பேரில் தனிக் கணக்கில் போக வேண்டும். 2025இல் அங்கே நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம் கமிஷனை 20 சதவீதத்துக்கு மேல் போக விடுவதில்லை.

உடம்பைப் பற்றி. கேட்டின் உயரம் ஏறக்குறைய 170 செ.மீ. ராம்ப் கணக்கில் குள்ளம். அந்தக் குறையோடுதான் அவர் அவ்வளவு தூரம் போனார், ஆகவே உயரத்தைச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடை அப்படியில்லை. தான் பட்டினி கிடக்கவில்லை, ஷோவுக்கு ஷோ ஓடியபோது யாரும் சாப்பாடு போடவில்லை என்பதே தன் மெலிவுக்கு அவர் சொன்ன காரணம். 2006 ஆகஸ்டில் உருகுவே மாடல் லூயிசெல் ராமோஸ், 22 வயது, ஒரு ஷோவின்போதே இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் பிரேசிலின் அனா கரோலினா ரெஸ்டன், 21 வயது. ராமோஸ் இறந்த பிறகு மாட்ரிட் ஃபேஷன் வீக், பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 18க்குக் கீழே உள்ளவர்களைத் தடுக்கத் தொடங்கியது. 2017இல் பிரான்ஸ் மாடல்களுக்கு மருத்துவச் சான்றிதழைக் கட்டாயமாக்கியதும் இப்படிப்பட்ட சாவுகளுக்குப் பிறகுதான். இன்னொன்று, பெரியவர்களுக்கான பிஎம்ஐ எண்ணை வளரும் பிள்ளைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. வயதுக்கேற்ற அட்டவணை தனியாக உண்டு. 15 வயதில் எடுத்த இடுப்பளவு 18 வயதிலும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, பள்ளிச் சீருடை மூன்று வருடம் கழித்தும் சரியாக இருக்க வேண்டும் என்பது மாதிரி.

படிப்பை நிறுத்துவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லில்லி கோல் என்ற பிரிட்டிஷ் மாடலும் 14 வயதில் லண்டன் தெருவில் கண்டுபிடிக்கப்பட்டவர்தான், அவரும் ஸ்டார்முக்குத்தான் போனார். கேம்பிரிட்ஜில் கிடைத்த இடத்தைத் தள்ளிவைத்தாரே தவிர விட்டுவிடவில்லை. 2011இல் கலை வரலாற்றில் முதல் வகுப்போடு வெளியே வந்தார். மாடலிங் காத்திருக்காது என்று ஏஜென்சிக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

கேட் 28 வருடம் ஸ்டார்மில் இருந்துவிட்டு 2016இல் வெளியே வந்து சொந்த ஏஜென்சி தொடங்கினார். மகள் லைலாவும் அதில் ஒரு மாடல். உங்களிடம் இருக்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்ற பேச்சு அதே பிபிசி நிகழ்ச்சியில் வந்தது. ஷூட்டிங் நடக்கிற இடத்தில் ஏஜென்ட் ஒருவர் கூடவே இருப்பார், "இது சரியில்லை" என்று சொல்ல அங்கே ஒரு ஆள் வேண்டும் என்றார்.