வன்னி வெயிலுக்கு எந்தச் சென்ற்: கூல் வாட்டரா, சன்ஃபிளவர்ஸா?

பூவாசம் வேண்டும், தலையிடி வரக்கூடாது, விலையும் கையைக் கடிக்கக்கூடாது என்று தேடுகிற பெண்கள் கடைசியில் இரண்டு போத்தல்களுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். ஒன்று டேவிடோஃப் கூல் வாட்டர் வுமன், 1996இல் வந்தது. மற்றது எலிசபெத் ஆர்டன் சன்ஃபிளவர்ஸ், 1993.

கடையில் காகிதத் துண்டில் அடித்து மணந்துவிட்டுக் காசைக் கொடுக்காதீர்கள். முதலில் மூக்கில் ஏறுகிற பழ வாசம் கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும், கிளிநொச்சி மத்தியான வெயிலில் இன்னும் கெதியாக. இடது மணிக்கட்டில் ஒன்று, வலதில் மற்றது, தேய்க்காமல் அப்படியே விட்டுவிட்டு சந்தைக்குள் ஒரு சுற்றுப் போய், சாமான் வாங்கி, பஸ் ஏறி வீட்டுக்கு வந்த பிறகு மணந்து பாருங்கள். அப்போது மிஞ்சி நிற்கிற வாசம் பிடித்திருந்தால் அடுத்தமுறை டவுனுக்குப் போகும்போது வாங்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கூல் வாட்டரில் தண்ணீர் வாசமும் தாமரையும் தூக்கல். குளத்துத் தாமரையைப் பிடுங்கி மணந்து வளர்ந்த எங்களுக்கு இது தாமரையா என்றுதான் முதலில் தோன்றும், சேறும் இலையும் இல்லாமல் கழுவித் துடைத்த வாசம். ஆனால் வியர்வையோடு சேர்ந்தாலும் கனக்காது, சனம் நெருக்கியடிக்கிற ஏ9 வீதி பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் முறைக்கமாட்டார். சன்ஃபிளவர்ஸ் வேறு மாதிரி: பீச் பழம், மல்லிகை, அடியில் சந்தனம். பகல் வெயிலில் அந்த இனிப்புத் தடித்துவிடுகிறது, ஆனால் பின்னேரம் மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு திருவிழாவுக்கோ கல்யாண வீட்டுக்கோ போகிறவருக்கு அது பூவோடு நன்றாக ஒட்டிப்போகும். ஒன்றுதான் வாங்கலாம், தினமும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால், என் கை கூல் வாட்டருக்குத்தான் போகும்.

சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் தோல் வறண்டுவிடும், வறண்ட தோலில் எந்தச் சென்றும் நிற்காது. வாசமில்லாத கிரீம் கொஞ்சம் பூசிவிட்டு அடியுங்கள், அல்லது பருத்தி உடுப்பில் அடியுங்கள். பட்டில் வேண்டாம், கறை பிடிக்கும்.

அப்புறம், பெட்டியிலும் போத்தலின் அடியிலும் உள்ள தயாரிப்பு இலக்கம் பொருந்தாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மலிவு என்று பெரிய போத்தலுக்கும் ஆசைப்படவேண்டாம், தகரக் கூரைச் சூட்டில் கிடந்தால் பாதி முடிய முன்னமே வாசம் மாறிப்போகும். எதை வாங்கினாலும் ஜன்னலோரம் வைக்காமல் அலுமாரிக்குள், துணிகளுக்கு நடுவில் வையுங்கள்.