நன்றி உணர்வைப் பழகுவது எப்படி? மூன்று கேள்விகள் கொண்ட நைகான் பயிற்சி

இரவில் படுக்கும் முன் நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை எழுதி வைக்கும் பழக்கத்தை நம்மில் பலர் தொடங்கியிருப்போம். தொடங்கியவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் நிறுத்தியும் விடுகிறார்கள். காரணம் சோம்பல் மட்டும் அல்ல. குடும்பம், உடல்நலம், வேலை என்று அதே மூன்று சொற்கள் நாள்தோறும் வந்து நிற்கும்போது எழுதுகிற கைக்கே சலிப்புத் தட்டிவிடும். "குடும்பத்துக்கு நன்றி" என்று எழுதினால் எதுவும் உறைக்காது. காலையில் அவசரமாகக் கிளம்பியபோது அக்கா சாவியைத் தேடி எடுத்து வாசல்வரை ஓடி வந்து கொடுத்தாள் என்று எழுதினால் உறைக்கும். யார், எப்போது, எதைச் செய்தார் என்ற துல்லியத்தில்தான் நன்றி உணர்வு பிறக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தத் துல்லியத்தைப் பழக்க ஜப்பானில் உருவான முறை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் நைகான். நாரா மாகாணத்தின் யமாடோ கோரியமாவைச் சேர்ந்த யோஷிமோட்டோ இஷின் (1916–1988) இதை வகுத்தார். அவர் சார்ந்திருந்த பௌத்த மரபில், உணவும் நீரும் உறக்கமும் இன்றித் தன்னையே ஆராயும் கடுமையான நோன்பு ஒன்று இருந்தது. அதன் கடுமையை நீக்கி, எந்த மதத்தவரும் செய்யக்கூடிய எளிய பயிற்சியாக அவர் மாற்றினார். 1950-களிலேயே ஜப்பானின் சிறைகளில் இது கைதிகளுக்குக் கற்றுத்தரப்பட்டது. முழுப் பயிற்சி ஒரு வாரம் நடக்கும். அறையின் மூலையில் மடிப்புத் திரைக்குப் பின்னால் அதிகாலை முதல் இரவு வரை உட்கார்ந்து நினைவுகளைக் கிளற வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வழிகாட்டி வந்து வணங்கி, என்ன நினைவுக்கு வந்தது என்று கேட்பார். அறிவுரை சொல்ல மாட்டார், தீர்ப்பும் வழங்க மாட்டார், கேட்டுக்கொண்டு போய்விடுவார்.

நமக்கு அந்த ஒரு வாரம் வேண்டாம். வீட்டில் இருபது நிமிடத்தில் செய்யக்கூடிய அன்றாட நைகானை மட்டும் இங்கே பார்ப்போம்.

தொடங்கும் முன்

கோடு போட்ட சாதாரண நோட்டு ஒன்றும் பேனாவும் போதும். அழகான நாட்குறிப்பு வாங்கினால் அழகாக எழுதத் தோன்றும். அது இந்தப் பயிற்சிக்குத் தடை. இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு கிடைக்கும் நேரம் நல்லது. படுக்கையில் எழுத உட்கார்ந்தால் இரண்டாம் வரியிலேயே கண் சொக்கிவிடும். செல்போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

முதல் கேள்வி: இன்று மற்றவர்களிடமிருந்து எனக்கு என்ன கிடைத்தது?

காலையில் கண் விழித்த நொடியிலிருந்து வரிசையாக நடந்து வாருங்கள். குழாயில் தண்ணீர் வந்தது. யாரோ மோட்டார் போட்டிருக்கிறார்கள். பால் பாக்கெட் வாசலில் இருந்தது. போட்டவர் விடியும் முன்பே எழுந்திருக்கிறார். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அலுவலகத்தில் நான் மறந்திருந்த தேதியைப் பக்கத்து மேசைக்காரர் நினைவூட்டினார். இப்படித்தான் எழுத வேண்டும்: பெயர், பொருள், நேரம். "அன்பு", "ஆதரவு" என்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு, அந்த அன்பு என்ன வடிவில் வந்தது என்று எழுதுங்கள். ஒரு டம்ளர் மோராக வந்ததா, மழையில் நீட்டிய குடையாக வந்ததா?

இங்கே எல்லோருக்கும் ஒரு கேள்வி எழும். பால்காரருக்குப் பணம் கொடுக்கிறோமே, அது அவர் வேலைதானே? நைகானில் இதற்குத் தெளிவான விதி உண்டு. கொடுத்தவரின் நோக்கத்தையும் கணக்கில் எடுப்பதில்லை, அவர் வாங்கும் கூலியையும் எடுப்பதில்லை. எனக்குக் கிடைத்ததா, இல்லையா? கிடைத்தது என்றால் எழுத வேண்டும். முனகிக்கொண்டே ஒருவர் செய்த உதவியும் உதவிதான். இந்த விதியை ஏற்றுக்கொண்டவுடன் பட்டியல் சட்டென்று நீளும். தனியாக வாழ்கிறேன், எனக்கு யாரும் எதுவும் செய்வதில்லை என்று நினைப்பவரின் பக்கமும் நிரம்பிவிடும். அன்றாடத்தில் ஊக்கம் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டும் இடம் இந்தப் பக்கம்தான்.

இரண்டாம் கேள்வி: நான் மற்றவர்களுக்கு என்ன கொடுத்தேன்?

இதிலும் அதே துல்லியம். "எல்லோரிடமும் அன்பாக இருந்தேன்" என்று எழுதாதீர்கள். தம்பியின் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன், பாட்டிக்கு மாத்திரை பிரித்துக் கொடுத்தேன் என்று எழுதுங்கள். மனத்தில் நினைத்து, செய்யாமல் விட்டவற்றுக்கு இங்கே இடமில்லை. முதல் பட்டியலைவிட இது குட்டையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

மூன்றாம் கேள்வி: என்னால் மற்றவர்களுக்கு என்ன சிரமம் ஏற்பட்டது?

ஒரு வாரப் பயிற்சியில் நேரத்தின் பெரும்பகுதியை, ஏறக்குறைய 60 சதவீதத்தை, இந்தக் கேள்விக்கே ஒதுக்கச் சொல்வார்கள். வீட்டில் தொடங்குபவர்கள் அப்படிச் செய்யத் தேவையில்லை. இரண்டு மூன்று வரி போதும். வெளியில் சாப்பிட்டுவிட்டதை வீட்டில் சொல்லவில்லை, எனக்காக வடித்த சோறு மீந்துவிட்டது. ஆட்டோ ஓட்டுநருக்குத் தெருப் பெயரைத் தவறாகச் சொன்னேன், அவர் இரண்டு சுற்று சுற்றினார். இப்படி நடந்ததை மட்டும் எழுதுங்கள். "நான் மோசமானவள்", "எனக்குப் பொறுப்பே இல்லை" என்று உங்களைப் பற்றிய தீர்ப்பு ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் வரக் கூடாது.

மற்றவர்கள் எனக்கு என்ன சிரமம் கொடுத்தார்கள் என்ற நான்காம் கேள்வி நைகானில் வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. அதைப் பயிற்சி இல்லாமலே நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். எது நடந்தாலும் "உன்னால்தான்" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர், அதிலும் பெண்கள். அவர்கள் மூன்றாம் கேள்வியைத் தினமும் கேட்டுக்கொண்டால் சுமை குறையாது, கூடும். அப்படிப்பட்டவர்கள் முதல் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளலாம். அதனால் பயிற்சி அரைகுறை ஆகிவிடாது.

உங்களை அடித்தவர், ஏமாற்றியவர், அவமதித்தவர் பெயரை வைத்து இந்தக் கேள்விகளைத் தனியே கேட்கவே வேண்டாம். கொடுமைக்கு நன்றி சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால், உறக்கமும் பசியும் குலைந்தால், நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

உடலிடம் கேட்பது

தன்னைக் கவனித்துக்கொள்வது என்றதும் எண்ணெய்க் குளியல், நல்ல உறக்கம், விடுமுறை என்று நினைக்கிறோம். எல்லாம் தேவைதான். ஆனால் எது தேவை என்று தெரிந்துகொள்ள, வாரம் ஒருமுறை இதே மூன்று கேள்விகளை உடலின் ஓர் உறுப்பை வைத்துக் கேட்டுப் பாருங்கள். கால்களை எடுத்துக்கொள்வோம். இன்று அவை என்ன செய்தன? மாடிப்படி ஏறின, பஸ்ஸில் நின்றன, அடுப்படியில் இரண்டு வேளையும் தாங்கின. நான் அவற்றுக்கு என்ன கொடுத்தேன்? என்ன சிரமம் கொடுத்தேன்? கடிக்கிற செருப்பையே இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பட்டியலை எழுதியவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. செருப்பை மாற்றுவார், வெந்நீரில் கால் வைப்பார். கண்ணைப் பற்றி எழுதினால் செல்போன் நேரம் தானாகவே பேச்சுக்கு வரும். உடலின் குறைகளை மூன்றாம் கேள்வியில் எழுதாதீர்கள். எடை, நிறம், நரை எதற்கும் அங்கே இடமில்லை. உடலுக்கு நான் கொடுத்த சிரமம் மட்டும்தான் கணக்கு.

ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வது

அன்றாடக் கேள்விகள் பழகிய பிறகு, விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒரே ஒருவரை நினைத்துச் செய்யுங்கள். ஜப்பானில் வழக்கமாக அம்மாவிலிருந்து தொடங்குவார்கள். அம்மா இல்லாமல் வளர்ந்தவர்கள் தங்களை வளர்த்தவரை வைத்துக்கொள்ளலாம். வாழ்க்கையை மொத்தமாக நினைக்காமல் காலத்தைத் துண்டு போட்டுக்கொள்ள வேண்டும்: பள்ளிக்குப் போகும் முன், ஐந்தாம் வகுப்பு வரை, பிறகு மூன்று மூன்று ஆண்டுகளாக.

வளர்க்க ஆன செலவைக் கணக்குப் போடுவதும் நைகானில் ஒரு பயிற்சி. நீங்கள் சாப்பாட்டு டப்பாவில் தொடங்கலாம். ஆண்டுக்கு 200 பள்ளி நாட்கள் என்று வைத்தாலும் பன்னிரண்டு வகுப்புகளுக்கு 2,400 டப்பாக்கள். ஒவ்வொன்றையும் யாரோ கழுவி, நிரப்பி, மூடி, பையில் வைத்தார்கள். சத்துணவு சாப்பிட்டுப் படித்தவர் என்றால் அந்தக் கூடத்தில் சமைத்த அம்மாவை நினைத்துக் கணக்குப் போடுங்கள். அவர் முகம் நினைவிருக்கிறதா, பெயர் தெரியுமா? தெரியாவிட்டாலும் எழுதுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

முதல் ஒரு வாரம் தினமும் செய்தால் கேள்விகள் மனத்தில் பதியும். பிறகு குறைத்துக்கொள்வதே நல்லது. உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் நன்றிப் பட்டியல் எழுதுவதை ஆறு வாரம் சோதித்தார்கள். வாரம் ஒருமுறை எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடியது. மூன்று முறை எழுதியவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. அடிக்கடி செய்தால் சடங்காகிவிடுகிறது என்பதே இதற்கு நான் காணும் காரணம். ஞாயிற்றுக்கிழமை இரவு மட்டும் எழுதினாலும் போதும். ஒரு வாரம் விட்டுப்போனால் பழைய நாட்களுக்குச் சேர்த்து எழுத முயலாதீர்கள்.

எழுதியதை என்ன செய்வது

நோட்டை யாருக்கும் காட்ட வேண்டாம். ஆனால் முதல் கேள்வியின் பட்டியலிலிருந்து வாரம் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் நேரில் சொல்லுங்கள். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று சொல்லாமல், நோட்டில் எழுதிய அதே வரியைச் சொல்லுங்கள்: "அன்று மழையில் நீங்கள் குடை கொடுக்காவிட்டால் என் காகிதமெல்லாம் நனைந்திருக்கும், அண்ணே." வீட்டுப் பெரியவர்களிடம் நன்றி என்ற சொல்லை உச்சரிக்கவே நமக்குக் கூச்சமாக இருக்கும். அந்தச் சொல் இல்லாமலே சொல்லலாம். "நீ வைத்த ரசம்தான் நேற்று என் காய்ச்சலுக்குக் கேட்டது" என்றால் அம்மாவுக்குப் புரியும்.

"இதற்கெல்லாமா சொல்லிக்கொண்டிருப்பார்கள்" என்று பதில் வரலாம். வரட்டும். அன்றிரவு இரண்டாம் கேள்விக்குக் கீழே எழுத உங்களுக்கு ஒரு வரி கிடைத்திருக்கும்.