கழுவியும் சொரசொரக்கிற கார் பெயின்டுக்குக் கிளே பார் போடுவது எப்படி

ஷாம்பூ போட்டுக் கழுவித் துடைத்து நிறுத்திய காரைத் தள்ளி நின்று பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். பானெட்டைத் தடவிப் பார்த்தால் ரவை ஒட்டிய மாதிரி சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்பை எடுக்கத்தான் கிளே பார், அதாவது பெயின்டில் ஒட்டியதை இழுத்து எடுக்கிற, களிமண் போலப் பிசையக்கூடிய கட்டி. கீறல் இதில் போகாது, மங்கிப்போன பெயின்டும் மீளாது, அதெல்லாம் பாலிஷ் வேலை. "கிளே போட்டா புது வண்டி ஆயிடும் சார்" என்று யாராவது சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள்.

ஒட்டியிருப்பது பெரும்பாலும் இரும்புத் தூள். நம் வண்டியின் பிரேக்கிலிருந்தே கொஞ்சம் பறக்கிறது. சென்னையில் கடற்கரை–தாம்பரம் ரயில் பாதையை ஒட்டி வண்டி நிறுத்துகிறவர்களுக்குத் தண்டவாளத் தூள் கூடுதல் வரவு. தெருமுனையில் கேட், கிரில் செய்கிற பட்டறை இருந்தால் கிரைண்டரிலிருந்து தெறிக்கிற பொறி சூடாகவே வந்து பெயின்டில் உட்கார்ந்துவிடும். வெள்ளை வண்டிக்காரர்களுக்கு இது கண்ணாலேயே தெரியும்: டிக்கிக் கதவிலும் பின் பம்பர் பக்கத்திலும் ஊசிமுனை அளவுக்கு ஆரஞ்சுப் புள்ளிகள், நகத்தால் வருடினால் தட்டுப்படும். வண்டி துருப்பிடித்துவிட்டது என்று பயப்படுவார்கள். துருப்பிடிப்பது மேலே ஒட்டிய தூள்தான், அடியில் இருக்கும் தகடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இது போக ரோட்டுத் தார், மரப்பிசின், பக்கத்து வீட்டுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும்போது காற்றில் வந்த துளிகள்.

கிளே வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. வண்டியைக் கழுவிக் காய வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு பெயின்ட் மேல் லேசாகத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாததெல்லாம் கவர் வழியாக நன்றாகத் தெரியும். பானெட், கூரை, டிக்கி மூன்றிலும் பாருங்கள், பக்கக் கதவுகள் பரவாயில்லாமல் இருக்கும். எங்குமே வழவழவென்று இருந்தால் கிளே வாங்காதீர்கள், தேவையே இல்லை. ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், கிளேக்குள் மிக நுண்ணிய உராய்பொருள் இருக்கிறது, பெயின்டுக்கு மேலே இருக்கிற நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டோ சாதாரணமாக 40, 50 மைக்ரான்தான், அதாவது தலைமுடியைவிட மெல்லியது. மாதாமாதம் செய்கிற வேலை இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை போதும், மூடிய பார்க்கிங் இருந்தால் அதுவும் வேண்டியிருக்காது.

சரி, சொரசொரக்கிறது என்றால் விடியற்காலையில் ஆரம்பியுங்கள், இல்லையென்றால் பேஸ்மென்ட் பார்க்கிங். பானெட் கைக்குச் சூடாகத் தெரிந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். தெளித்தது உடனே காய்ந்துவிடும், கிளேயும் இளகிப் பெயின்டில் ஈஷிக்கொள்ளும். முதலில் முழு வாஷ், மண் ஒரு துகள்கூட மிஞ்சக் கூடாது. அப்புறம் அயர்ன் ரிமூவர் ஸ்ப்ரே கிடைத்தால் அடித்து, இரும்பு இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறமாக வழிந்த பிறகு, காய விடாமல் கழுவிவிடுங்கள். நாற்றம் சகிக்காது, ஆனால் கிளேயின் பாதி வேலையை இதுவே முடித்துவிடும். தார்ப் புள்ளிகளுக்குத் தனியாகத் தார் ரிமூவர் இருக்கிறது. தின்னர் பக்கம் போக வேண்டாம்.

இந்த வேலையில் முக்கியம் வழுக்கல். கிளேக்கும் பெயின்டுக்கும் நடுவில் எப்போதும் ஈரமான வழுக்கல் இருக்க வேண்டும், அது குறைகிற இடத்தில்தான் கோடு விழும். கிளே லூப்ரிகன்ட் என்றே தனியாக விற்கிறார்கள். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் ஸ்ப்ரே பாட்டிலில் சில சொட்டு கார் ஷாம்பூ கலந்துகொண்டாலும் நடக்கும், சில கிளே மட்டும் ஷாம்பூவில் பிசுபிசுத்து உதிர ஆரம்பிக்கும் என்பதால் முதலில் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். தண்ணீர் விஷயத்தில் கவனம்: போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும், ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரைச் சேர்த்து வைத்துக் காருக்கு ஊற்றுகிறவர்களுக்கு இன்னும் மோசம், உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு கிடையாது, துணியில் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம்.

கிளேயில் ஃபைன், மீடியம், ஹெவி என்று வகை உண்டு. ஃபைன் மட்டும் வாங்குங்கள். 100 கிராம் கட்டி என்றால் பாதியைப் பிய்த்து எடுத்து, நன்றாகப் பிசைந்து, நாலு விரல் அகலத்துக்குத் தட்டிக்கொள்ளுங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் தாராளமாக ஸ்ப்ரே அடித்து, கிளேயிலும் கொஞ்சம் அடித்து, விரல்நுனியால் அமுக்காமல் விரல்களைப் படுக்கவைத்து, முன்னும் பின்னும் நேர்கோட்டில் நகர்த்துங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். முதல் சில தடவை கர்ர்ரென்று ஒரு சத்தம் கேட்கும், கையிலும் பிடித்து இழுப்பது தெரியும். அழுத்தத் தோன்றும், அழுத்தாதீர்கள், ஸ்ப்ரேதான் இன்னும் வேண்டும். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி, கிளே தானாக வழுக்கிக்கொண்டு போகும். அந்த இடம் முடிந்தது. மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, கையால் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த இடம்.

கிளேயைத் திருப்பிப் பாருங்கள், பழுப்பாக இழுவியிருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்து சுத்தமான முகத்தை வெளியே கொண்டுவர வேண்டும், ஒவ்வொரு பகுதிக்கும் ஒருமுறையாவது. எங்கே மடித்தாலும் கறுப்பு தெரிகிறதென்றால் அந்தத் துண்டின் ஆயுசு முடிந்தது. கீழே விழுந்த கிளே நேராகக் குப்பைத் தொட்டிக்கு. கழுவினால் போகாது, ஒட்டிய மணல் உள்ளேயே புதைந்துவிடும், அதை வைத்துத் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். பாதியைப் பிய்த்து வைக்கச் சொன்னது இதற்காகவும்தான். கூரையிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள், கதவின் அடிப்பகுதியும் பம்பரும் கடைசி.

பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் பெயின்டில் கிளே போடவே கூடாது, அங்கங்கே பளபளப்பு ஏறித் திட்டுத் திட்டாகிவிடும். செராமிக் கோட்டிங் போட்டவர்கள் அடித்துக் கொடுத்த இடத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். டிங்கரிங், பெயின்டிங் முடித்துப் புதிதாக வந்த பேனலைச் சில வாரமாவது விட்டுவையுங்கள். பறவை எச்சம் அரித்த தடமும், உப்புத் தண்ணீர் ஆழமாகப் பதிந்த புள்ளியும் கிளேயில் போகாது.

முடிந்ததும் ஒருமுறை கழுவிக் காயவைத்து, அன்றைக்கே வாக்ஸ் அல்லது சீலன்ட் போட்டுவிடுங்கள். பழைய வாக்ஸையும் கிளே சேர்த்து எடுத்துவிட்டது, கிளியர் கோட்டுக்கு மேலே இப்போது காப்பு எதுவும் இல்லை. கறுப்பு, கருநீல வண்டிகளில் வெயிலில் மெல்லிய கோடுகள் தெரியலாம், வாக்ஸுக்கு முன்னால் லேசான பாலிஷ் ஒன்று போட்டால் சரியாகும். பாலிஷ் போடும் உத்தேசமே இல்லையென்றால் கறுப்பு வண்டியில் சொரசொரக்கிற பேனலுக்கு மட்டும் கிளே போட்டு நிறுத்திக்கொள்வது நல்லது.

மிச்சக் கிளேயில் கொஞ்சம் லூப்ரிகன்ட் அடித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள். பெயின்டுக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிய துண்டை, மணல் ஒட்டாததாக இருந்தால், முன் கண்ணாடிக்குப் போடலாம். வைப்பர் கடகடவென்று தத்துகிற வண்டிகளில் பல நேரம் குறை கண்ணாடியில் படிந்த அழுக்குதான், ரப்பரை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். அதே துண்டு அலாய் வீலுக்கும் ஆகும், அதற்கப்புறம் தூக்கிப் போட்டுவிடுங்கள்.